இன்ஃபொர்மேஷன் சிஸ்டம்ஸ் முதலாவதாகப் போடலாமா? கொமர்ஸ் பிள்ளைக்குச் சரிவருமா?

களுவாஞ்சி_பிள்ளை:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கொமர்ஸில் ஏ.எல் எடுத்து ரிசல்ட் வந்துவிட்டது, இசட் ஸ்கோர் மோசமில்லை, இப்போது யூஜிசி ஹாண்ட்புக்கை (கம்பஸ் விண்ணப்பக் கைநூல்) மடியில் வைத்துக்கொண்டு எதை முதலாவதாகப் போடுவது என்று மண்டை காய்ந்துபோய் இருக்கிறேன். ரியூசன் சேர் ஒருவர்தான் சொன்னார், கொழும்பு கம்பஸின் கணினிக் கல்லூரியில் (எல்லாரும் யூசிஎஸ்சி என்கிற இடம்) இன்ஃபொர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது, மெத்ஸ் பிள்ளைகள்தான் போகவேண்டும் என்றில்லை, கொமர்ஸ் பிள்ளைகளும் நிறையப் போகிறார்கள், அதைப் போடு என்று. சப்ரகமுவ கம்பஸிலும் அந்தப் பாடம் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு கதை. அப்பாவுக்கு ஹார்ட்வெயார் கடை. "கொம்பியூட்டர்தான் படிக்கவேண்டும் என்றால் ஒலுவில் கம்பஸில் மனேஜ்மென்ட்டும் ஐடியும் சேர்த்து ஒரு டிகிரி இருக்குதாமே, அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் வாசலில் இறக்கிவிடுவான், எதுக்குக் கொழும்பு?" என்கிறார். அம்மாவுக்கு நான் வந்தாறுமூலைக் கம்பஸில் பி.கொம் படித்து ரீச்சராக வரவேண்டும். மாமா ஒருவர் கொழும்பில் ஏதோ கொம்பனியில் இருக்கிறார், அவர் போனில் சொன்னது: "அது கொம்பியூட்டர் சயன்ஸ் கிடைக்காத பிள்ளைகள் படிக்கிறது, பாதி மனேஜ்மென்ட் பாதி கொம்பியூட்டர், இரண்டும் ஒழுங்காகத் தெரியாது." அன்றைக்குப் பிறகு வீட்டில் அந்தப் பாடத்தின் பெயரையே எடுக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த கணினி, ஓ.எல்லுக்கு எடுத்த ஐசிடியும் அப்பாவின் கடைக்கு எக்செல்லில் போட்டுக் கொடுத்த ஒரு விலைப்பட்டியலும்தான். புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷ் வாசித்தால் விளங்கும், பேச வாய் வராது. சிங்களம் "கீயத?" என்று விலை கேட்கிற அளவுக்குத்தான்.

உண்மையில் அங்கே என்ன படிப்பிக்கிறார்கள், படித்து முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், மாமா சொன்னது சரியா? இங்கே யாராவது படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "நல்ல பாடம் தங்கச்சி, போடுங்க" என்று ஒரு வரியில் முடிக்கவேண்டாம், அப்படி ஏற்கெனவே பன்னிரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

வட்டவிதானை:

தங்கச்சி, நான் அதே பாடம்தான் படித்தேன், அதே கம்பஸ், நானும் கொமர்ஸ். ஊர் தம்பிலுவில். இப்போது கொழும்பில் பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலை. ஒபிஸில் பிஏ என்றுதான் சொல்வோம், ஊரில் அப்படிச் சொன்னால் ஆர்ட்ஸ் டிகிரி என்று நினைக்கிறார்கள், அம்மாவுக்கு இன்னும் விளங்கப்படுத்தி முடியவில்லை.

மாமா சொன்னதை முற்றாகப் பிழை என்று சொல்லமாட்டேன். பாதி பாதி என்பது சரிதான். புரோகிராமிங், டேட்டாபேஸ், புள்ளிவிபரம், நெட்வேர்க் ஒரு பக்கம். கணக்கியல், முகாமைத்துவம், சிஸ்டம் அனலிசிஸ், புரொஜெக்ட் மனேஜ்மென்ட் மறுபக்கம். கொம்பியூட்டர் சயன்ஸ்காரர்கள் கணினிக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஆழமாகப் போவார்கள். நாங்கள் ஒரு கடையில், ஆஸ்பத்திரியில், வங்கியில் வேலை எப்படி நடக்கிறது, அதற்குள் கணினி எங்கே போய் இருக்கவேண்டும் என்று பார்ப்போம். பாதி பாதியாகப் படிப்பதால் இரண்டும் தெரியாமல் போகும் என்பதுதான் மாமா பிழைவிட்ட இடம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

இதை நான் எங்கே படித்தேன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் எங்கள் குழுவுக்கு ஒரு புரொஜெக்ட். உண்மையான ஒரு இடத்துக்கு சிஸ்டம் செய்யவேண்டும். மற்றவர்கள் நால்வரும் சிங்களப் பிள்ளைகள், நான் ஒருவன்தான் தமிழ், "எங்கட ஊர்ப்பக்கம் பெரிய அரிசி மில் இருக்கு, மாமா முறை ஒருவரிடம் கேட்கலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதலாளி போனில் எல்லாம் விளக்கமாகச் சொன்னார். நெல் வரும், நிறுப்போம், ஈரம் பார்ப்போம், காசு கொடுப்போம். நாங்களும் கொழும்பில் இருந்துகொண்டே அழகான படமெல்லாம் கீறி, ஸ்கிரீன் செய்து, பெரும்போக அறுவடை நேரம் பங்குனியில் கொண்டுபோய்ப் பூட்டினோம்.

ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், வந்த அத்தனை லொறிக்கும் ஈரப்பதம் 14. ஒன்றுகூட 15 இல்லை, 13 இல்லை. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதற்கு வைத்திருக்கிற அளவு 14 வீதம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பங்குனி மழையில் நனைந்து வந்த நெல்லும் 14 என்றால்? போய்த் தராசடியில் நின்று பார்த்தேன். அங்கே நிற்கிற காக்கா (முஸ்லிம் ஆட்களில் அண்ணன் முறை), வயது அறுபதுக்கு மேல் இருக்கும், மூடைக்குள் முழங்கை வரை கையை விடுகிறார், நாலு நெல்மணி எடுத்துப் பல்லில் வைத்துக் கடிக்கிறார், "மூடைக்கு ரெண்டு கிலோ கழி" என்கிறார். முடிந்தது. மீட்டர் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, பற்றரி இல்லை. எங்கள் ஸ்கிரீன் வீதம் கேட்டது, அவரிடம் வீதம் இல்லை, கிலோதான் இருக்கிறது. அதனால் கிளார்க் பொடியன் ஸ்கிரீன் விடாது என்பதற்காக 14 என்று அடித்துவிட்டு, கழிவைப் பழைய கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான்.

அதைவிடப் பெரியது ஒன்று. விதைப்பு நேரத்தில் உரத்துக்கும் எண்ணெய்க்கும் முதலாளி போடிமாருக்கு (வயல்காரருக்கு) முற்பணம் கொடுக்கிறார், நெல் வரும்போது கழிக்கிறார். அது எந்தக் கொப்பியிலும் இல்லை. முதலாளியின் தலைக்குள் இருந்தது. போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், "நீங்க கேக்கல்லயே மகன்" என்றார்.

இப்போது செய்கிற வேலையும் அதேதான், மில்லுக்குப் பதிலாகக் காப்புறுதிக் கொம்பனி. கேட்காததைக் கேட்பது, தராசடியில் போய் நிற்பது, பார்த்ததை டெவலப்பருக்கு விளங்குகிற மாதிரி எழுதிக் கொடுப்பது. என்னுடைய பட்ச்சில் படித்தவர்களில் ஒருத்தி டேட்டா அனலிஸ்ட், இரண்டு பேர் ஈஆர்பி பக்கம், ஒருவன் முழு டெவலப்பராகவே போய்விட்டான் (நாலு வருடமும் கோட் அடித்துக்கொண்டே இருந்தவன்), இன்னொருத்தி வங்கியில் சிஸ்டம் ஓடிட். ஈஆர்பி என்றால் ஒரு நிறுவனத்தின் ஸ்டோர், கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே சிஸ்டத்தில் ஓடுகிற பெரிய மென்பொருள். எஸ்ஏபி கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐஎஃப்எஸ் என்கிற சுவீடன் நாட்டு நிறுவனமும் அதுதான் செய்கிறது, அவர்களுக்குக் கொழும்பில் பெரிய இடம் இருக்கிறது. கொமர்ஸ் பிள்ளைக்கு அங்கே ஒரு வாய்ப்பு, வரவு செலவு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மூன்று வருடத்தோடும் வெளியே வரலாம், ஹொனர்ஸ் என்றால் நாலு. வசதி இருந்தால் நாலு செய்யுங்கள்.

பிஐடி_வெளிவாரி:

எல்லாரும் பூப்போட்டுப் பேசுவீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன்.

நான் செங்கலடி. கம்பஸ் கிடைக்காமல் வேலை செய்துகொண்டே யூசிஎஸ்சியின் பிஐடி (ஐடி டிகிரி) வெளிவாரி செய்தேன். 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிற பாடம், சோதனை எழுதி எழுதிப் பாதிப் பேர் இடையில் விட்டுவிடுவார்கள், நானும் இரண்டு தரம் விட்டுவிட்டுத் திரும்பப் போனவன். அதனால் இந்தப் பாடத்தின் உள்ளடக்கம் எனக்கும் தெரியும்.

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவடியில் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுப் போராட்டத்தில் இருந்தார்களே, மறந்துபோனதா? அங்கே இருந்தவர்களும் ஏதோ ஒரு ஹாண்ட்புக்கைப் பார்த்துத்தான் பாடம் தெரிவு செய்தவர்கள். டிகிரி இருந்தால் ஐடியில் வேலை தானாக வரும் என்று நினைக்கவேண்டாம். பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ என்றால் முழுக்க முழுக்கப் பேச்சுத்தான், இங்கிலீஷில். எங்கள் பிள்ளைகள் விழுகிற இடம் அதுதான், பாடத்தில் இல்லை. கூடவே இப்போது ஏஐ வந்து சும்மா கோட் அடிக்கிறவனையும் சும்மா டொக்யூமென்ட் எழுதுகிறவனையும் தேவையில்லை என்கிற நிலைமை. வட்டவிதானை அண்ணன் சொல்கிற மில் கதை நல்ல கதைதான், ஆனால் மில்லுக்கு சிஸ்டம் செய்து கொடுத்தால் முதலாளி எவ்வளவு கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் இன்றைக்குச் சோறு தின்பது எஸ்கியூஎல்லால், டேட்டாபேஸில் இருந்து தகவல் எடுக்கிற மொழி அது. கொட் என்கிறவர் 1970இல் டேட்டாபேஸ் பற்றி எழுதிய கட்டுரைதான் அதன் வேர், 1974இல் ஐபிஎம்மில் அந்த மொழியைச் செய்தார்கள், இன்றைக்கும் அதே செலெக்ட், அதே ஜொயின். நான் படித்த மற்ற எல்லாம் ஐந்து வருடத்தில் பழசாகிவிட்டது. போடுவதென்று முடிவெடுத்தால் முதல் வருடம் தொடங்கமுதலே அதைப் படியுங்கள், போனிலேயே படிக்கலாம்.

வட்டவிதானை:

பிஐடி மச்சான், மில்லுக்காரர் காசு தரவில்லை, ஐந்து பேருக்கும் தலைக்குப் பத்துக் கிலோ சம்பா தந்தார். போதுமா?

நிந்தவூர்_ராத்தா:

தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளையாக இருந்து கேட்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன், வழமையாக நான் வாசித்துவிட்டுப் போகிற ஆள்.

நான் கியூஏ வேலை. அதாவது செய்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்துப் பிழை பிடிக்கிறது. ஒலுவிலில் நீங்கள் சொல்கிற அந்த மனேஜ்மென்ட் அண்ட் ஐடிதான் படித்தேன், வாப்பா கொழும்புக்கு விடவில்லை, அதனால் உங்கள் அப்பா சொல்வதை நான் சிரிக்கமாட்டேன். அங்கே படித்தும் வேலைக்கு வரலாம், வந்திருக்கிறேன். ஆனால் வித்தியாசம் எங்கே என்றால், கொழும்பில் படிக்கிற பிள்ளைக்கு இன்டர்ன்ஷிப் பஸ் ஏறிப் போகிற தூரத்தில். எனக்கு அதற்காக ஆறு மாதம் வெள்ளவத்தையில் போர்டிங் எடுக்கவேண்டி வந்தது, கிடைத்த இன்டர்ன் காசு போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது, மிச்சத்துக்கு வாப்பா அனுப்பினார். ஆக, கொழும்புச் செலவு எப்படியும் ஒருதரம் வரும், நாலு வருடமாக வருவதா ஆறு மாதமாக வருவதா என்பதுதான் கேள்வி. இதை அப்பாவிடம் கணக்காகச் சொல்லிப் பாருங்கள், கடைக்காரர், கணக்கு விளங்கும்.

2020க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை என்பது வந்தது பெரிய விசயம். இப்போது கிழமையில் ஒருநாள் மீட்டிங்குக்கு கமெரா போடுவேன், மற்றபடி நிந்தவூரில்தான். 2022இல் கரண்ட் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வெட்டின நாட்களில் பிள்ளையையும் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் இருக்கிற சாச்சி வீட்டுக்கு ஓடினது தனிக் கதை.

கியூஏ என்றால் சின்ன வேலை என்று சில பேர் நினைக்கிறார்கள். நான் பிடித்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பதிவு ஃபோர்ம், அடையாள அட்டை இலக்கம் போடுகிற பெட்டி. டெவலப்பர் பழைய கணக்கில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் என்று பூட்டி வைத்திருந்தார். 2016இலிருந்து வருகிற அட்டையில் பன்னிரண்டு இலக்கம், எழுத்தே இல்லை. சரி, அதைத் திருத்தினார்கள். நான் விடவில்லை, என் உம்மாவின் இலக்கத்தைப் பழைய மாதிரியும் புதிய மாதிரியும் இரண்டு தரம் அடித்தேன், சிஸ்டம் இரண்டு உம்மாவைப் பதிந்தது! பழைய இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு சைபர் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வந்துவிடும், இரண்டும் ஒரே ஆள். இது தெரியாத சிஸ்டத்தில் ஒரே ஆள் இரண்டு தரம் கடன் எடுக்கலாம்.

பெயர்களும் அப்படித்தான். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டி வைத்தால் தமிழ் ஆட்கள் எதில் அப்பா பெயரைப் போடுவார்கள்? எங்கள் ஆட்களில் முஹம்மது என்கிற ஒரு பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், ஒரு வீட்டுக்குள்ளேயே அண்ணனும் தம்பியும் வேறு வேறு. கொழும்பில் பிறந்து வளர்ந்த டீமுக்கு இதெல்லாம் கண்ணில் படாது, எனக்குப் பட்டது. கிழக்கிலிருந்து போகிறோமே என்று கூச்சப்படாதீர்கள், நீங்கள் பார்த்து வளர்ந்த விசயமே அங்கே வேலைக்கு ஆகும்.

டெஸ்டிங்குக்கு ஐஎஸ்டிகியூபி என்று ஒரு சோதனை இருக்கிறது, அதன் முதல் படியைக் கடைசி வருடத்தில் எடுத்துவிட்டால் சீவியில் ஒரு வரி கூடும்.

களுவாஞ்சி_பிள்ளை:

ராத்தா, கணக்கை அப்பாவிடம் சொன்னேன். உடனே கல்குலேற்றரை எடுத்தார், அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, இங்கிலீஷ். பிஐடி அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. இரண்டாவது, அம்மாவுக்காகக் கேட்கிறேன், இதைப் படித்துவிட்டு அரசாங்க வேலைக்கு வர வழியே இல்லையா?

கச்சேரி_கதிரை:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், நானே கதிரை தேய்க்கிற ஆள், அம்பாறை மாவட்டத்தில் ஒரு அரச அலுவலகம், எது என்று கேட்காதீர்கள்.

வழி இருக்கிறது. இலங்கை தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை என்று தனியாக ஒரு சேவையே இருக்கிறது, பட்டதாரிகளைப் போட்டிப் பரீட்சை வைத்து எடுப்பார்கள். வர்த்தமானி எப்போது வரும் என்பதுதான் பிரச்சினை, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பாடசாலைகளில் ஐசிடி படிப்பிக்கவும் ஆள் எடுக்கிறார்கள், அம்மாவின் ஆசைக்கு அது கிட்ட வரும். அதற்காக மட்டும் இந்தப் பாடத்தை எடுக்கவேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் அரச அலுவலகத்தில் இந்தப் படிப்புக்கு எவ்வளவு வேலை கிடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு உதாரணம். எங்கள் அலுவலகத்தில் பதினைந்து வருடத்துப் பெயர்ப்பட்டியல் கணினியில் இருக்கிறது, தமிழில் இருக்கிறது, ஆனால் எல்லாம் பாமினியில். பாமினி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, யூனிகோட் (எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே வருகிற முறை) வரமுதல் நாங்கள் அடித்த எழுத்துரு. அது உள்ளே இங்கிலீஷ் எழுத்துத்தான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை மாதிரி வரும். அகர வரிசைப்படுத்தச் சொன்னால் இங்கிலீஷ் எழுத்தை வைத்து வரிசைப்படுத்தும், கந்தசாமி எங்கேயோ போய் நிற்பார். தேடினால் அகப்படாது. புதிதாக வந்த பொடியன் ஒருவன் யூனிகோடில் அடிக்கத் தொடங்கினான், இப்போது ஒரே கோப்பில் பாதி பாமினி பாதி யூனிகோட், ஒரு குடும்பமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மாற்றித்தருகிற கருவி இணையத்தில் சும்மா கிடைக்கும், ஆனால் எது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று முதலில் பிரிக்கவேண்டும், அதற்கு ஒருவர் உட்கார்ந்து யோசிக்கவேண்டும், அந்த ஒருவர்தான் எங்களிடம் இல்லை. (யூஜிசி விண்ணப்பத்தில் வருகிற யூனிகோட் வேறு தங்கச்சி, அது பாட இலக்கம், குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

வட்டவிதானை தம்பி சிஸ்டம் ஓடிட் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார். கொமர்ஸ் பிள்ளை அதை ஒருதரம் நின்று பார்க்கவேண்டும். கணக்காய்வாளர் கணக்கைப் பார்ப்பார், இவர்கள் அந்தக் கணக்கு வருகிற சிஸ்டத்தையே பார்ப்பார்கள். வேலையை விட்டுப் போனவனின் பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறதா, ஒரே ஆள் கொடுப்பனவை உள்ளிட்டு அதே ஆள் அனுமதியும் கொடுக்கிறாரா, இப்படி. சிசா என்று ஒரு சான்றிதழ், ஐசாக்கா அமைப்பு 1978இலிருந்து நடத்துகிறது, முழுதாகப் பெற ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். என் மச்சினி வங்கியில் அந்தப் பகுதியில் இருக்கிறாள், ஊருக்கு வந்தால் கோயில் அன்னதானக் கணக்கையும் விடமாட்டாள்.

வட்டவிதானை:

கதிரை ஐயா சொன்ன கடைசி விசயத்தை நான் தாண்டினது பிழைதான்.

இங்கிலீஷ் பற்றி. முதல் வருடம் முழுக்க நான் பின் வரிசையில் இருந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. விரிவுரை எல்லாம் இங்கிலீஷில்தான், ஸ்லைட் வாசித்தால் விளங்கும், சேர் பகிடி விட்டால் எல்லாரும் சிரித்த பிறகுதான் நான் சிரிப்பேன். மாறினது கிளாஸ் போய் அல்ல. குழு வேலை. நாலு சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, இடையில் உடைந்த இங்கிலீஷ்தான், அவர்களுடையதும் உடைந்ததுதான் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மில்லில் முதலாளி சொன்னதை நான் அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்ல, அவர்கள் கேட்டதை நான் காக்காவுக்குத் தமிழில் சொல்ல, மூன்று நாளில் நான் பேசின இங்கிலீஷ் அதற்கு முந்தின பதின்மூன்று வருடப் பள்ளிக்கூடத்தில் பேசவில்லை. ஹொஸ்டலில் எங்கள் ஆட்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள், அது ஒன்றுதான் நான் கண்டிப்பாகச் சொல்வேன். சோறு அவர்களோடு தின்னலாம், குழு வேறு ஆட்களோடு போடுங்கள்.

ஏஐ பற்றி மச்சான் சொன்னதுக்கு: டொக்யூமென்ட் இப்போது நானும் அதைக்கொண்டுதான் முதல் வரைவு எழுதுகிறேன். ஆனால் முதலாளி தலைக்குள் இருந்த முற்பணக் கணக்கு அதற்கு எப்படித் தெரியும்? யாராவது போய்க் கேட்டால்தான் தெரியும்.

ஒரு வேலை தருகிறேன், விண்ணப்பம் போடமுதல் செய்து பாருங்கள். அப்பாவின் கடையில் கடன் கொப்பி இருக்கும்தானே. ஒரு நாள் முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு கடன் எப்படி எழுதப்படுகிறது, எப்படி வெட்டப்படுகிறது என்று ஒரு தாளில் பெட்டி பெட்டியாகக் கீறுங்கள். அலுப்பாக இருந்தால் பி.கொம் போடுங்கள். இடையில் சாப்பிட மறந்தால் இதைப் போடுங்கள்.

பிஐடி_வெளிவாரி:

இதுக்கு நான் லைக் போட்டேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சி_பிள்ளை:

கீறினேன். இரண்டு நாள் எடுத்தது. அப்பா முதலில் "என்ன இது, வரிக்காரருக்குக் கொடுக்கிறதா?" என்று தாளைப் பறித்துப் பார்த்தார்.

சீமெந்து எடுக்க வருகிறவர் மேசன் பாஸ். எழுதுவது வீட்டுக்காரர் பெயரில். காசு கொண்டுவருவது சிலநேரம் பாஸ், சிலநேரம் வீட்டுக்காரர், ஒருதரம் வீட்டுக்காரரின் மருமகன். கொப்பியில் ஒரே வீட்டுக்கு "கோயிலடி மாடி வீடு", "வெளிநாட்டார் வீடு", "பாஸ் 3" என்று மூன்று இடத்தில் கணக்கு, அப்பாவுக்கு மட்டும்தான் அது மூன்றும் ஒன்று என்று தெரியும். நான் எல்லாருக்கும் போன் நம்பரை வைத்துப் பிரிக்கலாம் என்று போட்டேன். பிறகு பார்த்தால் இரண்டு வீட்டுக்குப் பாஸ் தன்னுடைய நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்.

அப்பாவிடம் கேட்டேன், பாஸ் எடுத்த சாமானை வீட்டுக்காரர் நான் எடுக்கவில்லை என்று சொன்னால் யாரிடம் காசு கேட்பீர்கள் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "அது ஆளைப் பார்த்து" என்றார். அதை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

சாப்பிட மறக்கவில்லை, ஆனால் ஆறிப்போய்த்தான் சாப்பிட்டேன்.

நிந்தவூர்_ராத்தா:

ஹா ஹா, போன் நம்பரை நானும் ஒருதரம் அப்படி நம்பி ஏமாந்தேன்.

வட்டவிதானை:

வீட்டுக்காரர் ஒரு அட்டவணை, பாஸ் ஒரு அட்டவணை, வேலை நடக்கிற வீடு மூன்றாவது. கடன் போய் அந்த வீட்டில் தொங்கவேண்டும், ஆளில் அல்ல. ஒவ்வொன்றுக்கும் நீங்களாக ஒரு இலக்கம் கொடுங்கள், போன் நம்பரை ஒரு தகவலாக மட்டும் வையுங்கள். "ஆளைப் பார்த்து" என்பதற்கு இப்போதைக்கு ஒரு வெறும் பெட்டி கீறி வையுங்கள், அப்பா எந்த ஆளுக்கு எவ்வளவு வரை கொடுக்கிறார் என்று ஒரு மாதம் பார்த்தால் அதற்குப் பெயர் வந்துவிடும்.

விண்ணப்பம் நிரப்பும்போது யூனிகோடில் கடைசி எழுத்தை இரண்டு தரம் பாருங்கள் தங்கச்சி. இலக்கம் பாடத்துக்கு, எழுத்துக் கம்பஸுக்கு. என் பட்ச் பொடியன் ஒருவன் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டு, நினைத்தே பார்க்காத ஊரில் நாலு வருடம் குளிரில் இருந்துவிட்டு வந்தான்.